சுட்ட எலும்பு சொல்லும் சாட்சி

சிடாம் கிரியிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் தமிழர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் உடலை எரியூட்டிய மறுநாள் உறவினர்கள் மீண்டும் சுடலைக்குச் செல்வர். பாலும் நீரும் தெளித்துத் தணலை ஆற்றுவர். பின்னர்ச் சாம்பலைக் கிளறி, எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி, மண்கலயத்தில் இட்டுத் துணியால் மூடிக் கட்டுவர். அக்கலயம் ஆற்றிலோ கடலிலோ கரைக்கப்படும். காடாற்று என்பது இச்சடங்கின் பெயர்.

இதனை அருகில் இருந்து கண்டவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். எத்தனை மணி நேரம் தீ எரிந்தாலும் எலும்பு முழுவதும் சாம்பலாகிவிடுவதில்லை. வெண்மையான துண்டுகள் மிஞ்சுகின்றன. அவை கைக்கு இலேசாக இருக்கும். ஒன்றோடொன்று உரசினால் உடைந்த பீங்கானைப் போல ஒலிக்கும்.

கரைத்துவிடும் வழக்கமுள்ள மக்களின் சுட்ட எலும்பு மண்ணில் தங்குவதில்லை. ஆனால், உலகின் எல்லா மக்களும் அப்படிச் செய்யவில்லை. சிலர் சுட்ட எலும்பைத் தாழியில் இட்டுப் புதைத்தனர். சிலர் குழியில் கொட்டி மூடினர். சமைத்து உண்ட விலங்குகளின் எலும்பும் அடுப்புச் சாம்பலோடு மண்ணுக்குள் போனது. பல நூற்றாண்டுகள் கழித்து அகழாய்வாளரின் சல்லடையில் விரல்நகம் அளவே உள்ள அத்துண்டுகள் வந்து விழுகின்றன. அவற்றைக் கொண்டு என்னென்ன கண்டறிய முடியும்?

முதலில் எலும்பின் இயல்பை அறிந்துகொள்வோம். எலும்பில் இரண்டு பொருள்கள் பின்னிப் பிணைந்துள்ளன. ஒன்று, கொலாஜன் எனப்படும் புரதம். இது எலும்புக்கு வளையும் தன்மையைத் தருகிறது. மற்றொன்று, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். இது எலும்புக்கு உறுதியைத் தருகிறது. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருளே. தீயில் முதலில் அழிவது புரதம். தாதுப்பொருள் எரிவதில்லை, ஆனால், அது தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. பச்சைக் களிமண் சூளையில் வெந்து பானையாவதைப் போன்றது இம்மாற்றம்.

வெப்பம் ஏற ஏற எலும்பின் நிறம் மாறுகிறது. விறகடுப்பில் தவறி விழுந்த கோழி எலும்பைக் கவனித்தவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வர். ஏறத்தாழ 300 முதல் 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் புரதம் கரியாவதால் எலும்பு பழுப்பாகிப் பின்னர்க் கறுக்கும். 500, 600 பாகையில் அந்தக் கரியும் எரியத் தொடங்க, எலும்பு சாம்பல் நிறமும் சில வேளைகளில் நீலச் சாயலும் கொள்ளும். 700, 800 பாகையைத் தாண்டினால் கரி முற்றாக நீங்கி, தூய வெண்மை மட்டுமே எஞ்சும். ஒரே எலும்பின் வெளிப்புறம் வெண்மையாகவும் உட்புறம் கறுப்பாகவும் இருந்தால், தீ போதிய நேரம் எரியவில்லை என்று பொருள். ஓர் உடலின் தொடை எலும்பு வெளுத்தும் பாத எலும்புகள் கறுத்தும் இருந்தால், பாதங்கள் சிதையின் ஓரத்தில், தீயின் நடுவிடத்திற்கு அப்பால் கிடந்திருக்கலாம். ஒரு சிதை எவ்வாறு அடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எரிந்தது என்பதைக்கூட இவ்வாறு ஓரளவு ஊகிக்கலாம்.

எனினும், நிறத்தை மட்டும் நம்பி முடிவு கூறுவது ஆபத்து. காற்றுப் புகாத இடத்தில் எரிந்த எலும்பு, மிகுந்த வெப்பத்திலும் கறுப்பாகவே இருக்கும். மண்ணில் உள்ள மாங்கனீசு என்னும் தாது படிந்தும் எலும்பு கறுக்கும். அது தீயையே கண்டிராத எலும்பாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

தென்னாப்பிரிக்காவின் சுவார்ட்கிரான்ஸ் குகையில் இச்சிக்கல் எழுந்தது. அங்குக் கிடைத்த ஏறத்தாழ 60,000 எலும்புத் துண்டுகளுள் 270 துண்டுகள் எரிந்தவை போலத் தோன்றின. அவை பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையவை. அவை உண்மையில் எரிந்தவை என்றால், மனித முன்னோர் தீயைப் பயன்படுத்தியதற்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகிவிடும். எனவே, பிரேய்ன், சில்லன் என்ற இரு ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை. மான் இன விலங்கின் புதிய எலும்புகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் தாங்களே எரித்தனர். அவற்றையும் குகை எலும்புகளையும் நுண்ணோக்கியில் வைத்தும் வேதியியல் முறையிலும் ஒப்பிட்டனர். அதன் பிறகே, 1988இல், அவை எரிந்த எலும்புகளே என்று அறிவித்தனர்.

இன்று இதற்கு அகச்சிவப்புக் கதிர்களும் துணைபுரிகின்றன. வெப்பம் மிகும்போது எலும்பின் தாதுப் படிகங்கள் பெரிதாகி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. சிறிதளவு எலும்புத் தூளின்மீது அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, எந்தெந்த அலைநீளங்களை அது உள்வாங்குகிறது என்று அளந்தால் படிகங்களின் நிலை தெரிந்துவிடும். கறை படிந்த எலும்பு இந்தச் சோதனையில் தப்ப முடியாது.

அடுத்த கேள்வி, அது யாருடைய எலும்பு என்பது. மனிதனுடையதா, விலங்கினுடையதா? முழு எலும்பாக இருந்தால் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். நகமளவுத் துண்டானால் அதனை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மாடு போன்ற பெரிய விலங்குகளின் எலும்பில் செங்கல் சுவரைப் போன்ற அடுக்குகள் பெரும்பாலும் காணப்படும். வளர்ந்த மனிதரின் எலும்பிலோ, வெட்டிய மரத்தின் வளையங்களைப் போன்ற சிறுசிறு வட்டங்கள் நெருங்கிக் கிடக்கும். எலும்பு மிகவும் வெந்துவிட்டால் இந்த அடையாளமும் மங்கிவிடும்.

மனித எலும்பே என்று தெரிந்தால், நிறுத்துப் பார்ப்பதும் ஒரு முக்கியமான வேலை. எரியூட்டப்பட்ட வளர்ந்த ஒருவரின் எலும்பு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டரை கிலோகிராம் வரை இருக்கும். ஒரு தாழியில் 300 கிராம் மட்டுமே இருந்தால், உறவினர்கள் எல்லா எலும்பையும் பொறுக்கவில்லை, ஒரு பகுதியையே எடுத்து வைத்தனர் என்று கொள்ளலாம். காதின் உட்பகுதியைச் சூழ்ந்துள்ள எலும்பு மிகக் கடினமானது. தீயிலும் பெரும்பாலும் தப்பிவிடும். ஒரே தாழியில் வலக்காதின் எலும்பு இரண்டு இருந்தால், அதனுள் இருவர் இருக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. கைகால் எலும்புகளின் முனைகள் தண்டோடு ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, இறந்தவர் சிறுவரா பெரியவரா என்று அறியலாம். ஆனால், அளவை நம்பக்கூடாது. மிகுந்த வெப்பத்தில் எலும்பு பத்தில் ஒரு பங்குக்கு மேலும் சுருங்கக்கூடும். அதனால் ஆணின் எலும்பு பெண்ணுடையதைப் போலத் தோன்றி ஏமாற்றும்.

வெடிப்புகளும் பேசும். சதையோடு எரிந்த எலும்பில் பிறைநிலா வடிவ வெடிப்புகள் மிகுதியாக விழும். எலும்பு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். பல்லாண்டுகள் காய்ந்து கிடந்த பின்னர் எரிந்த எலும்பில் நீளவாக்கில் நேரான வெடிப்புகளே மிகுதி. இறந்தவுடன் எரித்தனரா அல்லது புதைத்துத் தோண்டியெடுத்த பின் எரித்தனரா என்று கண்டறிய ஆய்வாளர்கள் இதனை நெடுங்காலம் நம்பி வந்தனர். புரதம் இன்னும் நீங்காத காய்ந்த எலும்பும் முறுக்கிக்கொள்ளும் என்று அண்மைக்காலச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே, இதனை இப்போது துணைச்சான்றாக மட்டுமே கொள்கின்றனர்.

மனித எலும்பா, விலங்கின் எலும்பா என்ற கேள்வி சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், நம் வட்டாரத்தின் பழைய கோயில்கள் பற்றிய ஒரு பெரிய விவாதமே அதனைச் சுற்றி நடந்துள்ளது.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பழங்காலக் கோயில்களைச் சண்டி என்று அழைப்பர். நம் கெடா மாநிலத்திலும் அதே பெயர்தான். ஜாவாவில் பிரம்பானான் என்னும் இடத்தில் 9ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட, ஏறத்தாழ 47 மீட்டர் உயரமுள்ள சிவன் கோயில் இருக்கிறது. 1885இல் எய்சர்மன் என்ற டச்சுக்காரர் அக்கோயிலை ஆராய்ந்தார். இருப்புப்பாதைப் பொறியாளரான அவருக்குத் தொல்லியலில் பேரார்வம் இருந்தது. கருவறையின் நடுவில், தரைக்குக் கீழே 5.75 மீட்டர் ஆழமுள்ள குழி ஒன்று தென்பட்டது. அதனுள் ஒரு கற்பேழை. பேழையில் செப்புத் தகடுகள், கரி, சாம்பல், மண், 20 நாணயங்கள், மணிகள், கண்ணாடி, பொன் வெள்ளித் துண்டுகள், கடற்சிப்பிகள் ஆகியவற்றோடு ஆமை, நாகம், தாமரை போன்ற வடிவங்களில் வெட்டிய பொன் தகடுகளும் இருந்தன. பேழைக்கு அடியில் கரியும் மண்ணும் எரிந்த எலும்புகளும் குவிந்து கிடந்தன.

கோயிலின் அடியில் சாம்பல், எரிந்த எலும்பு, பொன். இவற்றை ஒன்றாகக் கண்டவர் என்ன நினைப்பர்? ‘இது மன்னனின் சாம்பல், சண்டி என்பது மன்னனின் சமாதி’ என்ற கருத்து அக்கால அறிஞர்களிடையே வேரூன்றியது. இறந்த மன்னர்களுக்காகச் சண்டிகள் எழுப்பப்பட்டதாகப் பழைய ஜாவா நூல்கள் சில கூறியதும் அக்கருத்துக்கு வலுவூட்டியது. பல்லாண்டுகள் இக்கருத்தே பாடநூல்களிலும் வழங்கி வந்தது.

ஆனால், பேழைக்கு அடியில் கிடந்தவை விலங்கின் எலும்புகள். மன்னனுடைய எலும்பு அங்கே இல்லை. இந்தோனேசியத் தொல்லியல் அறிஞர் சுக்மோனோ, 1974இல் வழங்கிய தம் முனைவர் பட்ட ஆய்வில், இத்தகைய சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். சண்டி சமாதியன்று, அது கோயிலே என்று நிறுவினார். பேழைகளில் உள்ளவை, கோயிலுக்கு உயிரூட்டுவதற்காக வைக்கப்பட்ட படையல்கள் என்பது அவர் முடிவு. நம்மவர்கள் கோயிலில் சிலையை நிறுவும்போது பீடத்தின் அடியில் பொன்னும் மணியும் இடும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்து சமயம் இன்றும் வாழும் பாலித் தீவில், இறந்தவரின் சாம்பலைக் கடலில் கரைக்கின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. சாம்பலைக் கரைத்துவிடும் மக்கள், அதனைக் கோயிலின் அடியில் வைத்துக் காப்பரோ? எவரும் அன்றே எழுப்பியிருக்கக்கூடிய கேள்விதான் இது.

இனி நம் ஊருக்கு வருவோம். சிடாம் கிரியிலிருந்து சுங்கைப்பட்டாணியைக் கடந்து மெர்போக் சென்றால், ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு விரிகிறது. பண்டைத் தமிழர் கடாரம் என அழைத்த பகுதி இது. அங்குள்ள சண்டிகளுள் பெரியது சண்டி புக்கிட் பத்து பகாட். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் அதனை அகழ்ந்தார். 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லேம்ப் அதனைச் சீரமைத்தபோது, கட்டடத்தினுள் கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுள் பொன், வெள்ளித் துண்டுகளும் மணிக்கற்களும் இருந்தன. இதுவும் சமாதியோ என்ற கேள்வி, பார்ப்பவர் மனத்தில் எழுவது இயல்பே. பிரம்பானான் கதையை அறிந்தவர், ‘சாம்பல் இருந்ததா? எலும்பு இருந்ததா? இருந்தால் யாருடைய எலும்பு?’ என்று கேட்ட பின்னரே விடை கூறுவார்.

கெடா மண்ணில் எலும்பைத் தேடுவது எளிதன்று. இரப்பர் மரத்திற்குப் பிடித்த செம்மண், எலும்புக்குப் பகை. அதன் அமிலத்தன்மையும் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் எலும்பின் தாதுப்பொருளைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகின்றன. புதைத்த உடல் சில நூறு ஆண்டுகளில் சுவடின்றி மறைந்துவிடக்கூடும். மூடா ஆற்றுக்குத் தெற்கே, செபெராங் பிறையின் குவார் கெப்பாவில் 2017இல் ‘பினாங்குப் பெண்’ என்று பெயரிடப்பட்ட எலும்புக்கூடு கிடைத்தது. ஏறத்தாழ 5,700 ஆண்டுப் பழைமையுடைய அவ்வெலும்புகள் தப்பியதற்கு, அவை சிப்பிக் குவியலுக்குள் கிடந்ததே காரணம். சிப்பியின் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தை அடக்கிவிட்டது.

சிப்பிக் குவியல் இல்லாத இடத்தில் நெடுநாள் தப்பக்கூடியது எது? வெண்மையாகச் சுட்ட எலும்பே. புரதம் நீங்கிவிட்டதால் நுண்ணுயிர்களுக்கு அதில் உணவில்லை. தாதுப் படிகங்கள் பெரிதாகி இறுகிவிட்டதால் அமிலமும் அதனை எளிதில் கரைப்பதில்லை. உடலை அழித்த தீயே எலும்பைக் காத்தும் கொடுக்கிறது! அதனால்தான் வெப்பமண்டல அகழாய்வுகளில் மண்ணை நுண்ணிய சல்லடையில் இட்டு நீரில் அலசுகின்றனர். வெள்ளைத் துகள்களைக் கல்லென்று எண்ணி வீசிவிடுவதில்லை. 2013ஆம் ஆண்டு பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு சண்டி மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. செங்கற்கள் போனது எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றின் அடியில் இருந்த மண் அடுக்குகளும் கலைந்துவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்று இனி எவராலும் கூற இயலாது.

சுட்ட எலும்பு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கூறுவது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. கார்பன்-14 முறையில் எலும்பின் வயதைக் கணிக்கப் புரதம் தேவை. சுட்ட எலும்பில் அது இல்லை. 2001இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கண்டனர். தாதுப் படிகத்திற்குள் சிறிதளவு கார்பன் சிறைப்பட்டிருக்கிறது. வெண்மையாகச் சுட்ட எலும்பில் அது கலப்பின்றித் தங்கியிருப்பதால் அதனையே அளக்கலாம் என்று காட்டினர். பின்னர் ஒரு சிக்கலும் தெரியவந்தது. எரியும்போது விறகின் கார்பனும் எலும்புக்குள் புகுந்துவிடுகிறது. இருநூறு ஆண்டு வளர்ந்த முதுமரத்தை வெட்டிச் சிதை அடுக்கியிருந்தால், எலும்பு தன் உண்மையான வயதைவிட மூத்ததாகக் காட்டும். எந்த விறகு என்பதையும் இப்போது ஆய்வாளர்கள் கேட்கின்றனர்.

காலத்தோடு, இறந்தவரின் ஊரையும் சுட்ட எலும்பு கூறக்கூடும். பாறையில் ஸ்ட்ரோன்டியம் என்னும் தனிமம் உண்டு. அது மண்ணுக்கும், மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து உண்பவரின் எலும்புக்கும் செல்கிறது. பாறைக்குப் பாறை அதன் வகைகளின் விகிதம் மாறுபடும். சுடாத எலும்பு நிலத்தடி நீரிலிருந்து புதிய ஸ்ட்ரோன்டியத்தை உறிஞ்சிக் குழப்பிவிடும். வெண்மையாகச் சுட்ட எலும்பு அவ்வாறு செய்வதில்லை.

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் இது பயன்பட்ட விதம் சுவையானது. 1919 முதல் 1926 வரை வில்லியம் ஹாலி என்பவர் அங்கு அகழ்ந்தபோது சுட்ட மனித எலும்புகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொள்ள எந்த அருங்காட்சியகமும் முன்வரவில்லை. சாம்பலால் என்ன பயன் என்பதே அன்றைய எண்ணம். 1935இல் எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டி மூடிவிட்டனர். 2008இல் அக்குழியை மீண்டும் தோண்டினர். 25 பேரின் எலும்புகளில் ஸ்ட்ரோன்டியத்தை அளந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 10 பேர் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்களே அல்லர். மேற்கே வேல்ஸ் பகுதியிலிருந்து வந்திருக்கக்கூடும். ஸ்டோன்ஹெஞ்சின் நீலக்கற்கள் கொண்டுவரப்பட்டதும் வேல்ஸ் பகுதியிலிருந்துதான். எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய சாம்பல், கற்களோடு மனிதரும் வந்த செய்தியை ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்குப் பின் கூறியது.

இவ்வெலும்புகள் ஆய்வுப் பொருள்களாக மாறுவதற்கு முன் ஒருவரின் தாயாகவோ தந்தையாகவோ பிள்ளையாகவோ இருந்தவை. 1968இல் ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரிக்கரையில் ஜிம் பௌலர் என்ற நிலவியல் அறிஞர் எரிந்த எலும்புகளைக் கண்டார். ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்ணின் எலும்புகள் அவை. எரியூட்டி, எலும்புகளை நொறுக்கி, மீண்டும் எரித்துப் புதைத்துள்ளனர். உலகில் அறியப்பட்ட மிகப் பழைய எரியூட்டல் அதுவே. எலும்புகள் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. ‘எங்கள் மூதாட்டியை எங்களிடம் கொடுங்கள்’ என்று அப்பகுதிப் பழங்குடி மக்கள் தொடர்ந்து வேண்டினர். 1992இல் அவ்வெலும்புகள் முங்கோவுக்குத் திரும்பின. அவற்றை வைத்த பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள் செய்யப்பட்டன. ஒன்று பழங்குடி மூத்தோரிடம் இருந்தது; மற்றொன்று ஆய்வாளரிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.